தண்ணீர் நிற்காத பெஞ்சு

காரைக்குடி வட்டாரத்தில் தரை போடுகிற கொத்தனார்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. ஆனாலும் கல்யாணத்துக்கு நாள் குறித்துவிட்டு, கூடத்துத் தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும் என்றால் ஆள் முதலில் குழந்தைவேலு வீட்டுக்குத்தான் போகும்.

அவர் சாக்கோட்டைப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் மூன்றாவது பிள்ளை. இருந்த நிலம் அண்ணன்மார் இரண்டு பேருக்கே காணாது என்பதால் பதினாறு வயதில் சாந்துச் சட்டி தூக்க வந்தவர். பக்கத்தில் உட்கார வைத்து யாரும் அவருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததில்லை. பிறர் போட்ட தரைகளில் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது எங்கே மேடு தெரிகிறது, எங்கே பள்ளம் தெரிகிறது என்று பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். வெயிலும் மழையும் படாத கூடத்துத் தரை மட்டும்தான் அவர் வேலை. முற்றத்துக்கும் மொட்டை மாடிக்கும் தண்ணீர் ஓட வாட்டம் விட்டுத் தளம் போடுவது வேறு ஆட்களின் வேலை. அந்தப் பக்கம் அவர் போனதே இல்லை.

ஆத்தங்குடிக் கல் பதித்து முடித்ததும் அவர் ஒரு காரியம் செய்வார். வீட்டுக்காரரை அழைத்து நிறுத்திக்கொண்டு, ஒரு கை தண்ணீரைக் கூடத்தின் நடுவில் விடுவார். அது எந்தப் பக்கமும் ஓடக் கூடாது. தோசைக்கல்லில் ஊற்றிய மாவு போல நாலு பக்கமும் ஒரே அளவாகப் பரவி வட்டமாக நின்றுவிட வேண்டும். நின்றுவிடும். "பார்த்துக்கிருங்க" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். மட்டம் பார்க்கும் ரசமட்டத்தைத் துண்டில் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அவர் மனைவி கல்யாணசுந்தரி அக்கம்பக்கத்தில் சொல்வார்: "எங்க வீட்டுக்காரரு இலையில ரசத்தை ஊத்திட்டு அது எங்குட்டு ஓடுதுன்னு பார்ப்பாரு. பார்த்து முடிச்ச பெறகுதான் சாப்பாடு."

இப்படிப்பட்டவருக்கு ஐம்பதாவது வயதில், கூரையில்லாத இடத்தில் ஒரு வேலை வந்தது.

சிகப்பி ஆச்சியின் கணவர் மலேயாவில் தொழில் செய்தவர். பினாங்கில் ஒரு சீனக்காரரிடம் தொட்டியில் மரம் வளர்க்கப் பழகி வந்திருந்தார். ஊர் திரும்பிய பிறகு இருபது வருஷம் மாடியிலேயே கிடந்து ஆல், அரசு, இச்சி, புளி, மாதுளை என்று முப்பத்திரண்டு மரங்களைத் தட்டையான மண்சட்டிகளில் வளர்த்தார். ஒவ்வொன்றும் முழ உயரம்தான். ஆனால் கிளை, விழுது, பட்டையில் வெடிப்பு எல்லாம் பெரிய மரத்துக்கு உள்ளது போலவே இருக்கும். அவர் காலமான பிறகு மாடிப்படி ஏறித் தண்ணீர் ஊற்ற ஆச்சியால் முடியவில்லை. "எம் பிள்ளைக மெட்ராஸ்ல குடியிருக்கிற வீட்டுல மனுசருக்கே காலு நீட்ட எடமில்லை. ஊருக்கே கொடுத்துடுறேன்" என்று சொல்லி, 1969 ஆவணியில் எல்லாவற்றையும் ஊருணிக்கரைப் பூங்காவுக்கு அனுப்பிவிட்டார்.

அந்தப் பூங்காவைத் தெருக்காரர்கள் சேர்ந்து வைத்த ஒரு கமிட்டி நடத்திவந்தது. செயலாளர் நாகநாதன், பள்ளிக்கூட எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, கூட்டுவது, ஆடு விரட்டுவது எல்லாம் காளியாயி. அவர் கணவருக்கு இழுப்பு நோய். அந்த வீட்டில் மாதம் தவறாமல் அடுப்பெரிய வைத்தது இந்த ஒரு வேலைதான்.

மரங்களை வைக்க ஒரு பெஞ்சு கட்ட வேண்டும் என்று கமிட்டி குழந்தைவேலுவைக் கேட்டது. ஊர்க் காரியம் என்று கூலி பேசாமல் ஒப்புக்கொண்டார். பெஞ்சு என்றால் உட்காரும் பெஞ்சுதான் அவருக்குத் தெரியும். ஒன்றரை அடி உயரத்தில், இருபது அடி நீளத்தில் கட்டினார். மேலே நீலமும் மஞ்சளுமாகப் பூப்போட்ட ஆத்தங்குடிக் கல். ஓரத்தில் அழகுக்கு அரை அங்குலக் கரை. மாட்டுவண்டியில் மரங்கள் வந்து இறங்கியபோது கூடவே அறுபத்து நாலு செங்கற்களும் வந்தன.

"கொத்தனாரே, ஆச்சி செங்கல்லையும் சேத்து ஏத்திவிட்டிருக்காக. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வரவா?" என்றார் காளியாயி.

"கேக்கிறதுக்கு என்ன இருக்கு? மாடியில பெஞ்சு இல்லை. செங்கல்லை அடுக்கி வச்சிருப்பாக. வேலை முடியாத வீட்டுலதான்த்தா செங்கல்லு கிடக்கும்."

பெஞ்சின் ஒரு முனையில் அஸ்திவாரம் இன்னும் மூடப்படாமல் இருந்தது. அறுபத்து நாலையும் அதில் போட்டு நிரப்பிப் பூசிவிட்டார். பிறகு வழக்கப்படி ஒரு கை தண்ணீர் விட்டார். வட்டம் நின்றது. கமிட்டிக்காரர்கள் கை தட்டினார்கள்.

ஊர் ஜனம் அந்தப் பெஞ்சை வேறு விதமாகப் பாராட்டியது. மத்தியானம் சந்தைப்பேட்டையில் மூட்டை இறக்கிவிட்டு வரும் சோணை, மூன்று சட்டிகளைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, அந்த இடத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்துவிடுவார். காளியாயி விரட்டினால், "இம்புட்டுக் குளுகுளுன்னு கல்லைப் போட்டு வச்சுட்டு மரத்தைப் படுக்கப் போட்டா, பாக்கிறவன் வயிறு எரியாதா?" என்பார்.

ஐப்பசி பிறந்தது. அந்த வருஷம் அடைமழை. கார்த்திகைக் கடைசியில் புளியமரம் இலை உதிர்த்தது. சுரண்டிப் பார்த்தால் பட்டைக்குள் பச்சை இல்லை. அடுத்து மாதுளை. மார்கழி முதல் வாரத்தில் இச்சி மஞ்சளடிக்கத் தொடங்கியது. ஆச்சியின் கணவர் மலேயாவிலிருந்து வந்ததும் முதலில் வளர்த்த மரம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி பூங்காவில் வேப்பமரத்தடியில் கூடியது. நாகநாதன் கோபமாக இருந்தார்.

"வேரு அழுகியிருக்கு. தண்ணி அதிகம். தண்ணி ஊத்துனது யாரு?"

"வானம் ஊத்துனதுக்கு நானாய்யா பொறுப்பு?" என்றார் காளியாயி. "மழை தொடங்குன நாள்லேயிருந்து பூவாளியை நான் தொடவே இல்லை. கொட்டகையில சிலந்தி கூடு கட்டிக் கிடக்கு, வந்து பாருங்க."

"அப்போ இருபது வருஷமா மாடியில மழை பெய்யலையா? அங்க சாகாத மரம் இங்க வந்து ஏன் சாகுது?" நாகநாதன் குழந்தைவேலு பக்கம் திரும்பினார். "கொத்தனாரே, உங்க பெஞ்சுல ஏதும் கோளாறு இருக்குமோ?"

அந்தக் கேள்வி நியாயமான கேள்வி. ஆனால் முப்பத்து நாலு வருஷத்தில் அவரிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. எழுந்தார். பட்டுப்போன புளியமரத்தின் சட்டி இருந்த வெற்றிடத்தில் ஒரு கை தண்ணீரை விட்டார். வட்டம் பரவியது, நின்றது. பக்கத்தில் ரசமட்டத்தை வைத்தார். நடுக்கோட்டை விட்டுக் குமிழி அசையவில்லை.

"பார்த்துக்கிருங்க. கோளாறு பெஞ்சுல இல்லை. வளக்கிற கையிலதான் இருக்கணும்."

காளியாயி அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். "எல்லாஞ் சரி கொத்தனாரே. அந்தத் தண்ணி எப்பப் போகும்?"

பொங்கல் வரைக்கும் பார்ப்பது, இச்சியும் போய்விட்டால் தோட்டத்துக்கு வேறு ஆள் வைப்பது என்று தீர்மானம் ஆயிற்று. எல்லாரும் கலைந்தார்கள்.

குழந்தைவேலு முக்குக் கடையில் டீ குடித்துவிட்டுத் தெருமுனை வரை போனவர், ரசமட்டத்தை மறந்து வைத்துவிட்டு வந்தது நினைவு வந்து திரும்பினார். பெஞ்சின் மேல் அவர் விட்ட தண்ணீர் அப்படியே வட்டமாக நின்றது. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. சும்மா இருந்த கை பக்கத்திலிருந்த இச்சிமரச் சட்டியைத் தூக்கப் பார்த்தது. சட்டி வரவில்லை. அட்டைப்பூச்சி போலக் கல்லை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டிருந்தது. பலமாக இழுத்ததும் 'சப்' என்று விட்டது. அடியில் தண்ணீர். சட்டியின் ஓட்டை வழியே எட்டிப் பார்த்த வேர்நுனிகள் கறுத்துப்போய், சாக்கடை வாடை அடித்தது.

மழை நின்று எத்தனை நாள் என்று எண்ணிப் பார்த்தார். ஒன்பது நாள்.

தட்டைச் சட்டி, அதைவிடத் தட்டையான கல், தண்ணீர் வழியாதபடி அரை அங்குலக் கரை. ஓட்டை இருந்தும் அடைத்ததற்குச் சமம். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். அதே மட்டம், அதே வட்டம். எதற்காக ஊரே அவரைக் கூப்பிடுகிறதோ அதுதான் இரண்டு மரங்களைக் கொன்றிருந்தது. தோள் துண்டை எடுத்து அந்தத் தண்ணீரை ஒற்றித் துடைத்தார். பிறகு நேரே ஆச்சி வீட்டுக்குப் போனார்.

"வாங்க கொத்தனாரே. காப்பி சாப்பிடுறீகளா?"

"வேணாம் ஆச்சி. ஐயா இருக்கையில மரங்களை எதுமேல வச்சிருந்தாக?"

"சட்டிக்கு ரெண்டு செங்கல்லு. அடியில காத்துப் போகணும், தண்ணி இறங்கி ஓடணும்பாக. மரத்தைத் தொட்டாலும் தொடு, அந்தச் செங்கல்லை நகட்டாதேன்னு என்னையே சத்தம் போடுவாக. அதான் வண்டியில ஏத்திவிட்டேன். என்ன செஞ்சீக அதை?"

குழந்தைவேலு தரையைப் பார்த்தார். அவர் போட்ட தரைதான். "அஸ்திவாரத்துல கிடக்கு, ஆச்சி."

ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். "அம்புட்டு நீளப் பெஞ்சைத் தாங்குது. ஒரு மரத்தைத் தாங்க விட்டீகளா?"

அந்தச் சிரிப்பு திட்டுவதைவிட அதிகமாகச் சுட்டது. மறுநாள் விடிந்ததும் ஒரு கைவண்டிச் செங்கல்லோடு பூங்காவுக்கு வந்து, ஒவ்வொரு சட்டிக்கு அடியிலும் இரண்டிரண்டாக வைத்தார். கடைசியாக இச்சியைத் தூக்கி வைக்கும்போது காளியாயி வந்துவிட்டார்.

"என்ன கொத்தனாரே, முடிஞ்ச வேலையில செங்கல்லு கிடக்கு?"

"காத்து ஓடணும்த்தா. இனிமே பிழைச்சுக்கிரும்."

காளியாயி குனிந்து சட்டிக்கும் கல்லுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது. ஆனால் சத்தம் போடவில்லை. "பிழைச்சாச் சந்தோசம். எனக்கும் வேலை நிக்கும். ஆனா செத்துப்போன ரெண்டும் எம்பேர்லதானே கிடக்கு, அண்ணே? நாளைக்கு ஒரு செடி வாடுனாலும் அழுக வச்ச காளியாயின்னுதானே சொல்லுவாக?"

அதுவரை 'கொத்தனாரே' என்றுதான் கூப்பிடுவார். அண்ணே என்றது அதுதான் முதல் தடவை.

அந்த வாரம் முழுவதும் குழந்தைவேலு ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று கல்யாணசுந்தரி பிறகு சொன்னார். இலையில் ரசம் ஓடிய பக்கத்தைக்கூடப் பார்க்கவில்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கமிட்டி உட்காருவதற்கு முன்பே அவர் எழுந்து நின்றார்.

"போன வாரம் நான் சொன்னது தப்பு. ரெண்டு மரத்தையும் சாகடிச்சது என் பெஞ்சு. காளியாயி கையில ஒரு குத்தமும் இல்லை. ஆச்சி குடுத்த செங்கல்லைப் புதைச்சது நான். அந்தத் தண்ணி எப்பப் போகும்னு இந்தப் புள்ளை அன்னைக்கே கேட்டுச்சு, நான்தான் காதுல வாங்கலை."

"என்ன கொத்தனாரே, ரசமட்டம் வச்சுக் காட்டுனீகளே?" என்றார் நாகநாதன்.

"மட்டம் சரிதான். இந்த வேலைக்கு மட்டம் ஆகாது. கூடத்துல தண்ணி நிக்கணும்னு போடுற ஆளு நான். இங்க ஓடணும். அது எனக்குத் தெரியலை. ஒடைச்சுட்டு வேற கட்டித் தாரேன். அதுவரைக்கும் காளியாயியை ஒருத்தரும் ஒண்ணும் சொல்லக் கூடாது."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சந்தைக்குள் அந்தச் செய்தி மத்தியானத்துக்குள் போய்விட்டது. அடுத்த மாதம் உறுதியாகியிருந்த ஒரு கல்யாண வீட்டுத் தரை வேலை கைநழுவி வேறு கொத்தனாருக்குப் போனது. குழந்தைவேலு தன் உளியை எடுத்துவந்து, ஒரு கல்கூட உடையாதபடி ஆத்தங்குடிக் கற்களைப் பெயர்த்து அடுக்கினார். பெஞ்சை இடித்து, அஸ்திவாரத்திலிருந்து அந்த அறுபத்து நாலு செங்கல்லையும் வெளியே எடுத்துக் கழுவி வைத்தார்.

பிறகு பத்து நாள் ஒரு வேலையும் செய்யவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார். மரத்தை எவ்வளவு உயரத்தில் வைப்பது என்பதுதான் கேள்வி. மேலிருந்து குனிந்து பார்த்தால் அது கீரைப்பாத்தி மாதிரி தெரிந்தது. கண்ணுக்கு நேரே வைத்தால் மரமாகத் தெரிந்தது. ஆனால் நிற்கிறவர் கண்ணுயரத்துக்குச் சட்டியைத் தூக்கி வைத்தால் காளியாயிக்கு எட்டாது.

"ஏத்தா, பூவாளியை நிறையத் தண்ணி மோந்துக்கிட்டு வா. கையை எம்புட்டுத் தூக்குனா வலிக்கலை, சொல்லு."

"இம்புட்டு. இதுக்கு மேல தூக்குனா தண்ணி என் தலையிலதான் விழும்."

இடுப்புக்குச் சற்று மேலே வந்தது. ஒரு சுவரில் கரியால் கோடு போட்டுக்கொண்டார். அந்த உயரத்துக்கு ஒரு கல்லை நிறுத்தி மேலே இச்சியை வைத்தார். நின்று பார்த்தால் இன்னும் கீழேதான் இருந்தது. அந்த நேரம் பார்த்து வந்த சோணை, படுக்கை இல்லாததால் எதிரே வேப்பமரத்து வேரில் குந்தினார்.

"எங்க படுக்கையை ஒடைச்சுப்புட்டீகளே, நல்லாயிருப்பீகளா?" என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்திவிட்டார். "அடேயப்பா! இங்குட்டு இருந்து பார்த்தா நம்ம சந்தைப்பேட்டை ஆலமரம் மாதிரியில்ல நிக்குது!"

குழந்தைவேலு ஓடிப்போய் அவர் பக்கத்தில் குந்தினார். உண்மைதான். உட்கார்ந்தால் பார்க்கிறவர் கண் இறங்கிவிடுகிறது. மரத்தை உயர்த்த வேண்டியதில்லை, ஆளை உட்கார வைத்தால் போதும்.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. அண்ணன் நிலத்து வரப்பில் விழுந்து கிடந்த வைரம் பாய்ந்த பனையை அறுத்துச் சட்டங்களாக்கினார். இடுப்புயரக் கல்தூண்களை நட்டு, அவற்றின் மேல் சட்டங்களைப் பதித்தார். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. அதன் அகலத்தைக் காளியாயியின் கட்டைவிரலை வைத்தே அளந்தார். கூட்டும்போது விளக்குமாற்றுக் குச்சி உள்ளே போக வேண்டும், அணில்பிள்ளை போகக் கூடாது என்பது காளியாயியின் கணக்கு. கனமான சட்டிகள் முன்வரிசையில், சின்னவை ஒரு சாண் உயரமான பின்வரிசையில். பின்னால் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர். இலையும் கிளையும் அதில் எழுதி வைத்தது போலத் தெரிந்தன. இச்சிக்கு மட்டும் தனியாக ஒரு தூண், அதன் மேல் ஆச்சி வீட்டுச் செங்கல் இரண்டு. மீதி அறுபத்திரண்டும் சுவரோரம் தரையில் வரிசையாகப் பதிந்தன, சொட்டுகிற தண்ணீர் மண்ணைக் கிளறாமல் இருக்க.

பனஞ்சட்டங்களின் மேல் அவர் ரசமட்டத்தை வைத்தபோது காளியாயி சிரித்தார். "இன்னுமா இது?"

"மரம் எப்படி வேணா சாஞ்சு நிக்கட்டும். அதுதான் அழகு. பெஞ்சு சாயக் கூடாது."

எதிரே ஆறு தப்படி தள்ளி, வேப்பமர நிழலில், பெயர்த்து வைத்த ஆத்தங்குடிக் கற்களைக் கொண்டு உட்காரும் பெஞ்சு ஒன்று கட்டினார். இந்தப் பெஞ்சுக்குத்தான் அதிக நாள் பிடித்தது. மழைத் தண்ணீர் பின்பக்கம் வழிந்துவிட வேண்டும். கரை கிடையாது. அரை அங்குலம் வாட்டம் விட வேண்டும். மாடித்தளம் போடுகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது. அவருக்கோ கை ஒப்பவில்லை. வைக்கிற கல்லெல்லாம் தானாகவே மட்டத்துக்கு வந்து நின்றது. கடைசியில் ரசமட்டத்தின் ஒரு முனைக்கு அடியில் இரண்டு தீப்பெட்டிக் குச்சிகளைச் சேர்த்துக் கட்டிவிட்டு, குமிழி நடுவில் நிற்கும்படி கல்லைச் சாய்த்தார். ரசமட்டத்தையே ஏமாற்றித்தான் அவரால் வாட்டம் விட முடிந்தது.

பொங்கல் வந்தது, போனது. இச்சி இலைகள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வெறும் குச்சியாக நின்றது. காளியாயியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவர் தினமும் வந்ததும் முதலில் அந்தக் குச்சியைத்தான் பார்த்தார். மாசி கடைசியில் ஒரு காலை, குழந்தைவேலு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது காளியாயி வீட்டு வாசலில் வந்து நின்றார். அவ்வளவு தூரம் நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"அண்ணே, துளுத்திருச்சு."

போய்ப் பார்த்தார்கள். மூன்று இடத்தில் செம்பு நிறத்தில் அரிசி அளவு துளிர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாகநாதன் வந்து உட்காரும் பெஞ்சில் அமர்ந்தார். முப்பது மரங்களையும் ஒன்றொன்றாகப் பார்த்தார். காளியாயியைக் கூப்பிட்டு, "உன்னை அன்னைக்கு அவசரப்பட்டுப் பேசிட்டேன்" என்றார். பிறகு இப்படியும் அப்படியும் நெளிந்தார்.

"கொத்தனாரே, பெஞ்சு பின்னால சாஞ்ச மாதிரி இருக்கே?"

"ஆமா செக்ரட்டரியய்யா" என்றார் குழந்தைவேலு. கல்யாண வீடுகளில் 'பார்த்துக்கிருங்க' என்று சொல்லும் அதே குரல். "வாட்டம். நான்தான் விட்டேன்."

எழுபத்து மூன்று, எழுபத்து நாலில் சிவகங்கையிலிருந்துகூட ஆட்கள் அந்த மரங்களைப் பார்க்க வந்தார்கள். கைநழுவிய தரை வேலைகளும் ஒன்றிரண்டு வருஷத்தில் திரும்பி வந்தன. கூடத்தின் நடுவில் தண்ணீர் விட்டு வட்டம் காட்டும் வழக்கத்தை அவர் கடைசிவரை விடவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூங்காவுக்கு வருவார். சோணை படுத்திருந்தால் அவர் காலைத் தள்ளி இடம் பிடித்துக்கொள்வார். காளியாயி பூவாளியோடு வரும்போது எழுந்துபோய், பனஞ்சட்டத்துக்கு அடியில் உள்ளங்கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

மேலே தண்ணீர் விழும். சட்டி குடிக்கும். கொஞ்ச நேரம் ஒன்றும் வராது.

"இறங்குதாண்ணே?"

"பொறு... பொறுத்தா." முதல் சொட்டு கையில் விழும். "ம், இறங்குது. அடுத்ததுக்கு ஊத்து."